அவுஸ்திரேலிய உணவு மேசையிற் செந்நிற வைன்

தென் அவுஸ்திரேலியாவின் தலைநகரான அடிலெயிட்டிலே, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணி. வேலைத்தலத்திலிருந்து திரும்பிய கணவனும் மனைவியும் அடுக்களையில் நிற்கின்றனர். செம்மறியாட்டு இறைச்சித் துண்டுகள் இரும்புத் தட்டிலே பொரிகின்றன, உருளைக்கிழங்கு வேகின்றது, பிள்ளைகள் மேசையின் ஒரு பக்கத்திலே பாடம் எழுதிக்கொண்டிருக்கின்றனர். உணவு பரிமாறப்படும் வேளையில் ஒரு போத்தல் செந்நிற வைன் திறக்கப்படுகின்றது. பெரியோர் இருவரும் ஆளுக்கொரு குவளை ஊற்றிக்கொண்டபின், போத்தல் மறுபடியும் மூடப்பட்டு மறுநாளைக்கென ஒதுக்கி வைக்கப்படுகின்றது. அன்று விருந்துமில்லை, விழாவுமில்லை. வாரநாளின் சாதாரண இரவுணவு அது.

இக்காட்சி இன்று அந்நாட்டில் எவரையும் வியப்பில் ஆழ்த்தாது. ஆனால் 1950 ஆம் ஆண்டளவில் அதே தெருவிலுள்ள வீடுகளை எட்டிப் பார்த்திருந்தால், இப்படியொரு மேசையைக் காண்பது அரிதாகவே இருந்திருக்கும். அக்காலத்திலே உழைப்பாளர் வீடுகளில் இரவுணவுக்கே ‘தேநீர்’ என்பதுதான் பெயர். இறைச்சியும் மூன்று வகை மரக்கறியும் உண்டு, மேலே தேநீர் அருந்துவர். அத்தேயிலையில் நமது மலைநாட்டிலிருந்து கப்பலேறிச் சென்றதும் உண்டு. ஆண்கள் மது அருந்தினராயின், அது பெரும்பாலும் தவறணையிலே நின்றபடி அருந்தும் பியராகவே இருந்தது. செந்நிற வைனை உணவோடு அருந்துபவர் ஒன்றிற் பெருஞ் செல்வராயிருந்தனர், அன்றேல் அண்மையில் வந்திறங்கிய அந்நியராயிருந்தனர்.

இத்தனைக்கும் அந்நாட்டிலே திராட்சைக்குப் பஞ்சமிருந்ததா? இல்லை. வைன் செய்யத் தெரிந்தவர்க்குப் பஞ்சமா? அதுவுமில்லை. ஒரு நாடு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தான் விளைவித்த பொருளைத் தன் சாப்பாட்டு மேசையில் வையாதிருந்தது ஏன்? பின்னர் ஒரு தலைமுறைக் காலத்துள் அது அங்கே இடம்பிடித்தது எவ்வாறு? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதற்குத் தொடக்கத்திலிருந்தே வருதல் வேண்டும்.

1788 ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே கப்டன் ஆதர் பிலிப் என்பாரின் தலைமையில் முதற் கப்பற்கூட்டம் சிட்னித் துறையை அடைந்தது. இங்கிலாந்திலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளையும் காவற் படையினரையும் ஏற்றிவந்த அக்கப்பல்களிலே, வழியிற் பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனெய்ரோவிலும் ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலும் பெற்ற திராட்சைக் கொடித் துண்டுகளும் இருந்தன. காடிகல் என்னும் பழங்குடி மக்களுக்குரியதாயிருந்த கரையோர நிலத்திலே அவை ஊன்றப்பட்டன. கடற்கரையின் ஈரக் காற்று கொடிகளுக்கு ஒத்துவரவில்லை. சிறிது உள்நாட்டேயுள்ள பரமற்றாவிலே மீண்டும் நட்டபோது அவை வேர்கொண்டன.

கொடி வேர்கொண்டதே தவிர, வைன் குடிமக்களிடையே வேர்கொள்ளவில்லை. புதுக் குடியேற்றத்தில் ஆட்சி செலுத்திய பானம் றம் என்னும் கடுஞ் சாராயமே. கூலிக்குப் பதில் றம், தானியத்துக்குப் பதில் றம் என்னும் நிலை அங்கே நிலவியது. அவ்வியாபாரத்தை அடக்க முயன்ற தேசாதிபதி பிளை என்பார் 1808 இலே தமது படையினராலேயே பதவி நீக்கப்பட்டார். வரலாற்றாசிரியர் அதனை ‘றம் கிளர்ச்சி’ என வழங்குவர். குடியினால் ஒரு குடியேற்றமே தடுமாறியதை நேரிற் கண்ட சிலர், இதற்கு மாற்று யாதென எண்ணலாயினர்.

அவர்களுள் ஒருவர் கிரெகரி பிளாக்ஸ்லண்ட். 1813 இலே நீலமலைத் தொடரைக் கடந்து உள்நாட்டுக்கு வழிகண்ட மூவருள் ஒருவர் என்ற முறையில் மாணவர்கள் இவர் பெயரை அறிவர். இவர் 1822 இலே தமது தோட்டத்துச் செந்நிற வைனைச் சிறு பீப்பாவொன்றில் இலண்டனுக்கு அனுப்பினார். நெடுங் கடற்பயணத்திற் பழுதடையாதிருக்க அதனுடன் சிறிது பிராந்தியும் சேர்க்கப்பட்டிருந்தது. 1823 இல் அதற்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. 1828 இல் அவருடைய வைனுக்குத் தங்கப் பதக்கமே கிடைத்தது. ஆகவே அவுஸ்திரேலியாவின் முதல் ஏற்றுமதி வைன் செந்நிறமானதே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

மற்றொருவர் ஸ்கொத்லாந்திலிருந்து 1824 இல் வந்த ஜேம்ஸ் பஸ்பி. திராட்சை வளர்ப்புப் பற்றி நூல்கள் எழுதிய இவருடைய நோக்கம் பணக்காரருக்குப் பானம் தேடுவதன்று. சிறு விவசாயியொருவன் தன் வீட்டுப் பின்புறத்திலே சில கொடிகளை நட்டு, தன் கையாலேயே வைன் செய்து, சாராயத்தை விடுத்து, மனைவி மக்களோடு அமர்ந்து உணவோடு அதனை மிதமாக அருந்துதல் வேண்டும் என்பதே அவர் கண்ட கனவு. 1831 இல் அவர் ஸ்பெயினிலும் பிரான்சிலும் பயணஞ் செய்து கொடித் துண்டுகளைச் சேகரித்தார். மொன்பெலியே நகரத்துத் தாவரத் தோட்டத்திலிருந்து மாத்திரம் 437 வகைகள் கிடைத்தன. ரோன் நதிக்கரையிலுள்ள ஹெர்மிற்றாஜ் குன்றின் சிரா என்னும் கருந்திராட்சையும் அவர் சேகரிப்பில் இருந்தது. அவுஸ்திரேலியர் பின்னாளில் ‘ஷிராஸ்’ என்று அழைத்தது அதனையே. 1832 இல் இவை சிட்னி வந்தடைந்தன. 300 இற்கு மேற்பட்ட வகைகள் உயிர்தப்பித் தாவரத் தோட்டத்தில் வளர்ந்தன. அங்கிருந்து ஹன்ரர் பள்ளத்தாக்குக்கும் ஏனைய குடியேற்றங்களுக்கும் கொடிகள் பரவின. பஸ்பியோ அரசாங்கப் பிரதிநிதியாக நியூசிலாந்துக்கு மாற்றம் பெற்றுச் சென்றார். அங்கே 1840 இன் வைத்தாங்கி உடன்படிக்கையை வரைவதிற் பங்குகொண்டவரும் இவரே.

தென் அவுஸ்திரேலியாவின் கதை வேறு. 1836 இலே தொடங்கிய அக்குடியேற்றத்துக்குக் கைதிகள் அனுப்பப்படவில்லை. பிரஷிய மன்னர் தமது நாட்டுச் சபைகளைக் கட்டாயமாக ஒன்றிணைத்தபோது, அதற்கு உடன்படாத லூதரன் சமயத்தவர் பலர் 1838 முதல் அங்கு வந்து குடியேறினர். 1842 இல் அவர்கள் பறோசாப் பள்ளத்தாக்கிலே பெத்தானி என்னுங் கிராமத்தை அமைத்தனர். அவ்வூர்களில் உழவு, கோவில், திராட்சைத் தோட்டம் ஆகிய மூன்றும் ஒருங்கே வளர்ந்தன. ஜொகான் கிராம்ப் என்பார் 1847 இலே ஜேக்கப் சிற்றாற்றின் கரையிற் கொடிகளை நட்டார். சாமுவேல் சிமித் 1849 இல் யலும்பாத் தோட்டத்தைத் தொடங்கினார். ஜோசெப் செப்பெல்ற்றும் அங்கே வந்து குடியேறினார். இதற்கு முன்னரே, 1844 இல், அடிலெயிட்டுக்கு அண்மையிலுள்ள மகில் என்னுமிடத்திலே டொக்டர் கிறிஸ்தோபர் பென்போல்ட் குடியேறியிருந்தார். சோகை பிடித்த நோயாளருக்கு மருந்தாகக் கொடுப்பதற்கென்றே அவர் வைன் செய்யத் தொடங்கினார். தோட்டத்தையும் வைன் சாலையையும் பெரிதும் நடத்தியவர் அவருடைய மனைவியார் மேரி பென்போல்ட்.

1877 இலே விக்ரோறியாவில், ஜீலோங் நகருக்கு அருகில், பிலொக்செரா என்னும் வேர்ப்பூச்சி காணப்பட்டது. ஐரோப்பாவின் தோட்டங்களைப் பாழாக்கிய கொடிய பூச்சி அதுவே. விக்ரோறியாவிற் பெருந் தோட்டங்கள் அழிந்தன. தென் அவுஸ்திரேலியா கடுஞ் சட்டங்களால் தன் எல்லையைக் காத்துக்கொண்டது. ஆதலினால், ஐரோப்பாவில் மறைந்துபோன பழங் கொடிகளின் வழிவந்தவை பறோசாவிலே சொந்த வேரோடு நிலைத்து நின்றன. 1843 அளவில் நட்ட ஷிராஸ் கொடிகள் சில இன்றும் அங்கே காய்க்கின்றன. இக்கொடிகளின் கதி பின்னர் என்னவாகவிருந்தது என்பதை மேலே காண்போம்.

நிற்க. இவ்வளவு கொடிகளும் இவ்வளவு உழைப்பும் இருந்தும் வைன் உணவு மேசைக்கு வரவில்லை என்று கண்டோம். இதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, குடியேறியோர் பிரித்தானியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள். திராட்சை விளையாத குளிர்நாட்டின் உணவுப் பழக்கத்தையே அவர்கள் தம்முடன் கொண்டுவந்தனர். வெயில் மாறிற்று, மண் மாறிற்று, மேசை மாறவில்லை. இரண்டாவது, சந்தை. வைனை வாங்கிய பெரிய நாடு இங்கிலாந்து. அது விரும்பியது பிராந்தி சேர்த்து வலுவூட்டிய இனிப்பு வைனையே. 1924 இல் அவுஸ்திரேலிய அரசாங்கம் அத்தகைய வைனின் ஏற்றுமதிக்கு உதவிப்பணம் வழங்கச் சட்டமியற்றியது. அடுத்த ஆண்டிற் பிரித்தானியா பேரரசு நாடுகளின் வைனுக்குச் சுங்கச் சலுகையளித்தது. முதலாம் உலகப் போரிலிருந்து மீண்ட படைவீரர்கள் பலர் மறி ஆற்றுப் பாசன நிலங்களிலே திராட்சை பயிரிட்டிருந்தனர். அவர்களுடைய விளைவுக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. இதனால் உணவோடு அருந்தத்தக்க உலர்ந்த செந்நிற வைன் செய்வோர் தொகை குறைந்துகொண்டே போயிற்று.

மூன்றாவது காரணம் சட்டம். 1916 இலே, போர்க்காலச் சிக்கனத்தையும் ஒழுக்கத்தையும் காட்டி, தென் அவுஸ்திரேலியா, நியூ சவுத் வேல்ஸ், விக்ரோறியா முதலிய மாநிலங்கள் தவறணைகளை மாலை ஆறு மணிக்கே மூடும்படி விதித்தன. குடியைக் குறைப்பதே நோக்கம். நடந்தது யாது? ஐந்து மணிக்கு வேலை விட்டவர்கள் எஞ்சிய ஒரு மணி நேரத்துள் இயன்றமட்டும் பியரை விழுங்கிவிட்டு, தள்ளாடியபடி இரவுணவுக்கு வீடு திரும்பினர். மது உணவினின்றும், மனைவி மக்களினின்றும், பேச்சினின்றும் பிரிக்கப்பட்டது. கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவரின் மரபில் வந்தோர் மதுவின் தீமையை நன்கு அறிவர். ஆயினும், ஒரு தீமையைக் கடிகாரத்தைக் கொண்டு மாத்திரம் அடக்க முனைந்தால் அது எவ்வாறு வேறு உருக் கொள்ளும் என்பதற்கு அவ்வரை நூற்றாண்டு தக்க சான்றாகும். நியூ சவுத் வேல்ஸ் 1955 இலும், விக்ரோறியா 1966 இலும், தென் அவுஸ்திரேலியா 1967 இலும் அவ்விதியை நீக்கின.

சட்டம் நீங்குமுன்னரே மாற்றத்தின் வித்து வந்து சேர்ந்திருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் அவுஸ்திரேலியா ஐரோப்பாவிலிருந்து பெருந்தொகையான மக்களைக் குடியேற அழைத்தது. அகதி முகாம்களிலிருந்து 1947 முதலும், இத்தாலியிலிருந்து 1951 இன் உடன்படிக்கையின்படியும், கிரேக்க நாட்டிலிருந்து 1952 இன் உடன்படிக்கையின்படியும் அவர்கள் வந்தனர். அணைகளிலும் தொழிற்சாலைகளிலும் உழைத்த அவர்கள், மெல்பேணிலும் அடிலெயிட்டிலும் சிறு வீடுகளை வாங்கி, முற்றத்துப் புல்லைக் கொத்தியெடுத்துவிட்டுத் தக்காளியும் உள்ளியும் பயிரிட்டனர். பங்குனி, சித்திரை மாதங்களில் லொறிகளில் வந்த திராட்சையை வாங்கி, கொட்டகையிலே பிழிந்து வைன் செய்தனர். அயலவர் மூக்கைப் பிடித்தனர். பள்ளிக்கூடத்திலே பிள்ளைகளின் மதிய உணவு ஏளனஞ் செய்யப்பட்டது. மலிவான வைனுக்கு இகழ்ச்சிப் பெயர்கள் பல வழங்கின.

ஆயினும் ஏளனஞ் செய்தவர்களின் பிள்ளைகளே பின்னர் அவர்களுடைய மேசையில் அமர்ந்தனர். அங்கே அவர்கள் கண்டது புதுமையானது. வைன் அங்கே வெறிக்கு உரியதாயிருக்கவில்லை. பாணையும் உப்பையும் போல உணவின் ஒரு பகுதியாயிருந்தது. முதியவர் ஒரு சிறு குவளை அருந்துவார். உணவு முடிந்ததும் அதுவும் முடியும். பஸ்பி நூல்களாற் கற்பிக்க முயன்று முடியாமற்போன பாடத்தை, எழுத்தறிவு குறைந்த கிராமத்துப் பெண்கள் தம் அடுக்களையிலிருந்தே கற்பித்துவிட்டனர். நியூ சவுத் வேல்ஸின் கிரிபித் பகுதியிலே 1928 இல் விற்கமுடியாதிருந்த ஷிராஸ் திராட்சையைக் கொண்டு விற்றோரியோ டி போற்றொலி என்ற இத்தாலியர் தொடங்கிய சிறு வைன் சாலை, பிற்காலத்தில் நாடறிந்த நிறுவனமாயிற்று.

இதே காலத்தில் வைன் செய்வோரிடத்தும் புது ஊக்கம் பிறந்தது. பென்போல்ட் நிறுவனத்தைச் சேர்ந்த மாக்ஸ் சூபேட் 1950 இல் ஐரோப்பா சென்றிருந்தபோது, போர்தோவிலே பல பத்தாண்டுகள் பழகியும் சுவை குன்றாத செந்நிற வைன்களைக் கண்டார். திரும்பியதும், 1951 இலே, ஷிராஸ் திராட்சையைக் கொண்டு ‘கிரேஞ்ச்’ என்னும் வைனைச் சோதனையாகச் செய்தார். 1957 இல் அதனைச் சுவைத்த அறிஞர்கள் இகழ்ந்தனர். உற்பத்தியை நிறுத்தும்படி மேலிடம் ஆணையிட்டது. அவரோ மகில் நிலவறையில் மூன்றாண்டுகள் மறைவாகவே அதனைச் செய்து வந்தார். 1960 இல் அனுமதி மீண்டது. 1962 இலே 1955 ஆம் ஆண்டு வைன் சிட்னிக் காட்சியிலே தங்கப் பதக்கம் பெற்றது. அதன் விலை வாரநாள் மேசைக்கு எட்டாதது என்பது உண்மையே. ஆயினும் தன் நாட்டுச் செந்நிற வைன் உலகத்தின் முன் தலைகுனிய வேண்டியதில்லை என்னும் நம்பிக்கையை அது ஊட்டிற்று.

குனவாறா என்னுமிடத்தின் வரலாறும் இதனோடொத்தது. ஜோன் றிடொக் என்பார் 1890 இலே அங்கே பழத்தோட்டக் குடியேற்றமொன்றை நிறுவினார். ஏறக்குறைய 15 கிலோமீற்றர் நீளமும் 2 கிலோமீற்றர் அகலமுங் கொண்ட ஒரு கீலம் நிலம்; சுண்ணாம்புக் கல்லின்மேற் படிந்த செம்மண். வலிகாமத்துச் செம்மண்ணை அறிந்த நேயர்களுக்கு இத்தகைய மண்ணை விளக்கவேண்டியதில்லை. றிடொக்கின் மறைவுக்குப்பின் அவ்விடம் நலிவுற்றது. 1951 இலே டேவிட் வின் என்பார் அத்தோட்டத்தையும் முக்கோணச் சுவர்முகப்புகள் மூன்றுடைய பழைய கல் வைன் சாலையையும் வாங்கினார். கபர்னே சோவிஞ்ஞோன் என்னும் திராட்சைக்கு அம்மண் மிகவும் உகந்தது என்பது விரைவில் விளங்கிற்று.

இனி, வாரநாள் மேசைக்கு வழிவகுத்த ஒரு சிறு கண்டுபிடிப்பைக் கூறவேண்டும். ஒரு போத்தல் வைனைத் திறந்தால் காற்றுப் பட்டு அது இரண்டொரு நாளிற் கெட்டுவிடும். ஆளுக்கொரு குவளை மாத்திரம் அருந்தும் குடும்பத்துக்கு இது பெருந் தடை. மறி ஆற்றங்கரையிலுள்ள ரென்மார்க் நகரத்துத் தோமஸ் அங்கோவ் என்பார் 1965 இலே இதற்கு வழி கண்டார். ஒரு கலன் வைன் கொள்ளும் பொலித்தீன் பையொன்றைக் கடதாசி மட்டைப் பெட்டியினுள் வைத்தார். வைன் குறையக் குறையப் பை சுருங்குமாதலால் உள்ளே காற்றுப் புகாது. முதலிற் பையின் மூலையை வெட்டி வார்த்துவிட்டுக் கவ்வியாற் பூட்டவேண்டியிருந்தது. பின்னர் பிறர் அதற்குக் குழாய் பொருத்தினர். தேநீர்ச் சாடியைப் போல அப்பெட்டியும் அடுக்களையில் ஓரிடத்தைப் பெற்றது. நாளுக்கொரு குவளை அருந்துவோர்க்கு அது வசதியாயிற்று; அளவறியாதார்க்கோ அதன் மலிவே கேடாயிற்று. இவ்விரண்டையும் மறைக்காது கூறுவதே வரலாற்றின் கடன்.

கற்பிப்பவர்களும் தோன்றினர். 1955 இல் அங்கு வந்த லென் எவன்ஸ் என்பார் 1962 முதற் பத்திரிகையில் வைன் பற்றித் தொடர்ந்து எழுதினார். சிட்னியிற் கைச் சத்திரசிகிச்சை நிபுணராயிருந்த டொக்டர் மாக்ஸ் லேக் 1963 இலே ஹன்ரர் பள்ளத்தாக்கிற் புதுத் தோட்டமொன்றை நட்டு, வார இறுதிகளிற் குடும்பத்தோடு சென்று உழைத்தார். 1968 இல் வெளிவந்த மார்கரெற் புல்ற்றனின் சமையல் நூல் அயல்நாட்டு உணவுகளைச் சாதாரண இல்லத்தரசிகளின் கைக்கெட்டச் செய்தது. அரைத்த இறைச்சியும் தக்காளியும் சேர்ந்த குழம்பை ஸ்பகெற்றியின்மேல் ஊற்றி உண்பது ஆங்கிலேய வழிவந்த வீடுகளிலும் வழக்கமாயிற்று. குழம்புக்கு ஒரு குவளை வைன் ஊற்றிய கை, மேசைக்கும் ஒரு குவளை ஊற்றியது. 1970 களின் தொடக்கத்தோடு, வலுவூட்டிய வைனை மேசை வைன் விஞ்சத் தொடங்கிற்று.

இது வெற்றிக் கதையாகவே முடிந்திருக்குமாயின் நன்று. ஆனால் உணவு மேசையின் விருப்பம் மாறும்போது, அதனை நம்பிக் கொடி நட்டவனின் வாழ்வும் மாறுகின்றது. கொடி காய்ப்பதற்குச் சில ஆண்டுகள் வேண்டும். சுவை மாறுவதற்கு ஒரு கோடைகாலம் போதும். 1970 களில் மக்கள் வெண்ணிற வைனை நாடினர். செந்நிறத் திராட்சை தேங்கிற்று. அத்தசாப்தத்தின் இறுதியில், பறோசாவில் ஒரு வைன் சாலையை நடத்திய பீற்றர் லீமன் என்பாருக்கு, விவசாயிகளிடம் திராட்சை வாங்கவேண்டாம் என உரிமையாளர் கட்டளையிட்டனர். வாங்குவதாக அவர் விவசாயிகளுக்குக் கைகொடுத்துச் சொல்லியிருந்தார். சொன்ன சொல்லைக் காப்பதற்காக அவர் வேறு வழியிற் பணந் திரட்டி, 1979 இற் புது நிறுவனமொன்றைத் தொடங்கி, அத்திராட்சையை வாங்கினார். நாடகமொன்றில் வரும் சூதாடியின் பெயரையே அவர் அந்நிறுவனத்துக்கு முதலில் இட்டார் என்பது அவர் மேற்கொண்ட துணிவைக் காட்டும்.

எல்லோர்க்கும் ஒரு லீமன் கிடைக்கவில்லை. 1980 களின் நடுப்பகுதியிலே, மிகை விளைவைக் குறைக்கும் பொருட்டு, கொடிகளைப் பிடுங்குவோர்க்கு அரசாங்கமே பணங் கொடுத்தது. பிலொக்செராவுக்குத் தப்பி நின்ற பழைய ஷிராஸ், கிரனாஷ் கொடிகள் பல அப்போது வேரோடு களையப்பட்டன. பாட்டன் நட்டதைப் பேரன் உழுபொறி கொண்டு இழுத்தெறிந்தான். பூச்சி செய்யாததைக் கணக்குப் புத்தகம் செய்தது. சில ஆண்டுகளுள் உலகம் அத்தகைய பழங்கொடி வைனையே தேடி வரத் தொடங்கியபோது, பிடுங்கியவர்கள் கையைப் பிசைந்தனர். பறோசாவின் வைன் செய்வோர் 2009 இலே பழங்கொடிகளுக்கென ஒரு பட்டயமே வகுத்தனர். 35, 70, 100, 125 ஆண்டுகள் கடந்த கொடிகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் அதிலுண்டு.

இதே துன்பம் மீண்டும் வந்தது. பெருமளவு செந்நிற வைனை வாங்கிய சீனா, 2020 இன் இறுதியில் விதிக்கத் தொடங்கிய வரி 200 வீதத்துக்கும் மேல் உயர்ந்தது. அது 2024 மார்ச்சு மாதத்திலேயே நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் களஞ்சியங்கள் நிரம்பி வழிந்தன. மறி ஆற்றுப் பாசன நிலங்களில் மறுபடியும் கொடிகள் பிடுங்கப்பட்டன. தூரத்துச் சந்தை ஒரு நாளில் மூடும். வீட்டு மேசை அப்படி மூடுவதில்லை என்பதை அந்நாட்டு விவசாயிகள் இருமுறை கற்றனர்.

அம்மேசையில் இன்று எவ்வுணவுக்கு எவ்வைன் என்பதிலும் ஓர் ஒழுங்குண்டு. செந்நிற வைனின் நிறமும் துவர்ப்பும் திராட்சைத் தோலிலிருந்து வருவன. சாற்றைத் தோலோடு சேர்த்தே நொதிக்க விடுவதால் அவை வைனில் இறங்குகின்றன. இறைச்சியின் புரதமும் கொழுப்பும் அத்துவர்ப்பைத் தணிக்கும். ஆதலின் பொரித்த செம்மறியாட்டு இறைச்சிக்குக் குனவாறாவின் கபர்னே, நெடுநேரம் வேகவைத்த மாட்டிறைச்சிக்கும் அடுப்பில் வாட்டிய சொசேச்சுக்கும் பறோசாவின் ஷிராஸ், கோழிக்கும் காளானுக்கும் யாறாப் பள்ளத்தாக்கிலோ தஸ்மேனியாவிலோ விளையும் மெல்லிய பினோ நுவார் என வீட்டினர் தேர்ந்துகொள்கின்றனர். மிளகாய்க் காரத்தோடு கடுந் துவர்ப்பும் மிகுந்த மதுசாரமும் சேர்ந்தால் நாவெரிவு மிகும். ஆதலால், இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் சென்று குடியேறியோரின் கறிகள் அந்நாட்டு மேசைக்கு வந்தபின், துவர்ப்புக் குறைந்த கிரனாஷ் வைனைச் சற்றுக் குளிரவைத்து வார்ப்போரும் உளர். 2000 ஆம் ஆண்டு முதல் தக்கைக்குப் பதிலாகத் திருகு மூடி பரவிற்று. திறந்த போத்தலை மறுநாளைக்கென மூடிவைப்பதும் எளிதாயிற்று.

இவ்வளவுங் கூறியபின் ஒன்றை மறத்தல் ஆகாது. மதுசாரம் புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள்களுள் ஒன்றென்பது மருத்துவ உலகின் முடிபு. டொக்டர் பென்போல்ட் மருந்தாக எண்ணியதை இன்றைய மருத்துவர் அவ்வாறு எண்ணார். உடல்நலமுள்ள பெரியோர் வாரத்துக்குப் பத்து அளவுக் குவளைகளுக்கு மேலும், எந்த ஒரு நாளிலும் நான்குக்கு மேலும் அருந்துதல் ஆகாதென அவுஸ்திரேலிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 இல் அறிவித்தது. அவ்வளவுக் குவளையொன்று ஏறத்தாழ 100 மில்லிலீற்றர் வைனே. அங்கும் குடியாற் சிதைந்த குடும்பங்கள் உண்டு. ஒரு குவளையும் தொடாத குடும்பங்களும் உண்டு.

அவுஸ்திரேலியாவின் கதை உணர்த்துவது இதுவே. ஒரு நாட்டின் வரலாறு போர்க்களத்திலும் சட்டசபையிலும் மாத்திரம் எழுதப்படுவதன்று; செவ்வாய்க்கிழமை இரவுணவிலும் எழுதப்படுகின்றது. பதக்கங்களாலும் சட்டங்களாலும் மாற்றமுடியாத பழக்கத்தை, ஏளனத்தைப் பொறுத்துக்கொண்டு தம் வழக்கப்படியே உண்டு வாழ்ந்த அயலவர் மாற்றினர். அடிலெயிட் வீட்டிலே பிள்ளைகள் பாடத்தை எழுதி முடித்துவிட்டனர், தட்டுகள் கழுவப்படுகின்றன, பாதிப் போத்தல் மூடியோடு அலுமாரியில் இருக்கின்றது. அப்பாதியை மறுநாளைக்கென வைக்கத் தெரிந்துகொள்வதற்கு அந்நாட்டுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் சென்றன.